ஏழு தளத்திலும் இருக்கிறோம், எங்கேயும் நகரவில்லை: எங்கள் பேண்டுக்கு எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

நாலாவது தந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர் கொண்ட பேண்ட். லேபிள் இல்லை, மேனேஜர் இல்லை. நாலு பேருக்கும் பகல் வேலை உண்டு. நாங்களே எழுதி நாங்களே பதிவு செய்த 5 பாட்டுகள் இப்போது மிக்ஸிங்கில் இருக்கின்றன. இன்னும் 8 வாரத்தில் ஈபியாக (முழு ஆல்பத்தைவிடச் சின்ன தொகுப்பாக) வெளியிட வேண்டும் என்பது திட்டம்.

இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக், எக்ஸ், டிக்டாக், த்ரெட்ஸ், டிஸ்கார்ட் (குழுவாக அரட்டை அடிக்கும் இடம்) என்று ஏழு இடத்தில் கணக்கு வைத்திருக்கிறோம். ஏழையும் பார்த்துக்கொள்வது நான்தான் (பாட்டும் ரிதம் கிட்டாரும்). ஒரே வீடியோவை எல்லா இடத்திலும் போடுகிறேன். எங்கேயும் அசைவில்லை.

போன வாரம் ரிஹர்சலில் இரண்டு பாட்டுக்கு நடுவே உட்கார்ந்து கேப்ஷன் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ட்ரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "நீ பாட வந்தியா, போஸ்ட் போட வந்தியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதை வைத்துக்கொள்வது? எதை விடுவது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.


ஹைஹாட் எழுதியது:

என் அனுபவத்தில் ரீல்ஸ் (இன்ஸ்டாகிராமின் குறும்வீடியோ), டிக்டாக் இரண்டும் போதும். மற்றதை மூடிவிடுங்கள். உங்களைத் தெரியாத ஆளின் கண்ணில் படுவதற்கு இதைவிட நல்ல வழி இன்றைக்கு இல்லை. குறும்வீடியோவில் உங்களுக்கு எத்தனை ஃபாலோயர் என்று பார்த்துக் காட்டுவதில்லை. வீடியோ பிடித்திருந்தால் புது ஆட்களிடம் கொண்டுபோகும். தினம் ஒன்று போடுங்கள், மூன்று மாதம் விடாமல். ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும்.


மேடைக்குப் பின்னால் எழுதியது:

ஹைஹாட் சொல்வதில் பாதி சரி. முன்பின் தெரியாதவர் கண்ணில் படக் குறும்வீடியோதான் வழி. ஆனால் தினம் ஒன்று என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வருடமாகச் சின்ன பேண்டுகளுக்கு வெளியீட்டு வேலை பார்க்கிறேன். தினம் ஒன்று என்று கிளம்பியவர்களில் பலர் ஆறாவது வாரத்தில் புதுப்பாட்டு எழுதுவதையே நிறுத்தியிருந்தார்கள். வீடியோ வந்துகொண்டிருந்தது, பாட்டு வரவில்லை. வேலைக்குப் போய்விட்டு வரும் நாலு பேரால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது.

நாலாவது தந்தி, தளத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கடைசி ஷோவுக்கு வந்தவர்களில் நண்பர்கள், சொந்தக்காரர்கள் போக மிச்சம் இருப்பவர்களில் பத்துப் பேரைப் பிடியுங்கள். "எங்களை முதலில் எங்கே கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். கணக்கைப் பின்தொடர்கிறார்களா என்பது வேண்டாம். முதலில் காதில் விழுந்தது எங்கே, அது யார் மூலம் வந்தது, இந்த இரண்டும் போதும்.

அப்புறம், உங்கள் ஏழு கணக்கும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். தெரியாதவர் தற்செயலாக உங்கள் மேல் மோதுவது ஓர் இடம். மோதியவர் "யாரப்பா இவர்கள்?" என்று தேடி வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்பது இன்னோர் இடம். உட்கார்ந்து கேட்டவரோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருப்பது மூன்றாவது. நீங்கள் முதல் வேலைக்கு ஏழு பேரை நிறுத்திவிட்டு, மற்ற இரண்டுக்கும் ஆளே போடவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் நாலு பேரில் யார் எந்த ஆப்பில் சும்மாவே நேரம் போக்குகிறார்? அந்தத் தளத்தில் எது எடுபடும், எது அசட்டுத்தனமாகத் தெரியும் என்பது அவருக்குத்தான் தெரியும். வேலையை அங்கிருந்து பிரித்துக் கொடுங்கள்.


நாலாவது தந்தி எழுதியது:

கேட்டுவிட்டேன். பத்துப் பேர் கிடைக்கவில்லை, ஏழு பேர்தான்.

நாலு பேர் சொன்னது ஒரே வீடியோ. எங்கள் மெதுவான பாட்டை ரிஹர்சல் அறையில் போனில் எடுத்து ஒரு வருடத்துக்கு முன்னால் யூடியூபில் போட்டிருந்தோம். எடிட்டிங் கிடையாது, நடுவில் ஒரு இடத்தில் பேஸ் கேபிள் கரகரக்கும். அதை யாரோ நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, அப்படியே வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் ரீல்ஸ் பார்த்து வந்தவர்கள். ஒருவர் எங்களுக்கு முன்னால் மேடையேறிய பேண்டைப் பார்க்க வந்து, எங்களையும் இருந்து கேட்டவர்.

எக்ஸ், த்ரெட்ஸ், டிஸ்கார்டை ஒருவர்கூடச் சொல்லவில்லை. டிஸ்கார்டில் இருப்பதே பதினோரு பேர், அதில் நாலு பேர் நாங்கள்.

இதைப் பார்த்தபிறகு யூடியூப் ஸ்டூடியோவை, அதாவது சேனலின் புள்ளிவிவரம் காட்டும் பக்கத்தை, திறந்தேன். மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. அந்த வீடியோவுக்கு வாரா வாரம் கொஞ்சம் பேர் வந்துகொண்டே இருக்கிறார்கள், பாதிக்கு மேல் தேடலில் இருந்து. பாட்டின் முதல் வரியைத் தட்டித் தேடியிருக்கிறார்கள்.


பழைய கேசட் எழுதியது:

முதல் வரியைத் தட்டித் தேடுகிறார்கள் என்றால் பாட்டு மனதில் ஒட்டிவிட்டது, பெயர் ஒட்டவில்லை என்று அர்த்தம். அந்த வீடியோவின் தலைப்பிலோ விளக்கத்திலோ அந்த முதல் வரி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். முழு வரிகளையும் விளக்கத்தில் போடுங்கள்.

தேடி வருபவருக்கு யூடியூப் மாதிரி இடம் வேறில்லை. ரீல்ஸின் ஆயுள் சில நாள், அதிர்ஷ்டம் இருந்தால் சில வாரம். ஒரு வருடப் பழைய வீடியோ இன்னும் ஆள் கூட்டிவருவதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.


தூரத்து ரீவெர்ப் எழுதியது:

நடுவில் என் கேள்வியையும் வைக்கிறேன். நாங்கள் வாய்ப்பாட்டே இல்லாத கருவி இசை பேண்ட். சில பாட்டுகள் 9 நிமிடம் ஓடும். முதல் 3 நிமிடம் ஒரே சுரத்தைச் சுற்றி மெதுவாக வளரும். இதில் 20 வினாடியை வெட்டி எடுத்து ரீல்ஸ் போட்டால் அது எங்கள் இசையே இல்லை. உச்சக்கட்டத்தை மட்டும் வெட்டிப் போட்டுப் பார்த்தோம். ஏதோ சத்தம் மாதிரி இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இடமே இல்லையா?


மேடைக்குப் பின்னால் எழுதியது:

இருக்கிறது. ஆனால் பாட்டை வெட்டாதீர்கள். கேட்பவரை 9 நிமிடம் உட்கார வைக்க வேண்டும் என்றால் 20 வினாடி துண்டால் முடியாது; அந்த 9 நிமிடம் எப்படி உருவாகிறது என்ற ஆர்வத்தால் முடியும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இதே மாதிரி இசை செய்கிற ஒரு பேண்டின் கிட்டாரிஸ்ட், போனை நேராக பெடல் போர்டுக்கு (கிட்டார் ஒலியை மாற்றும் கால் பெடல்கள் இருக்கும் பலகைக்கு) மேலே தொங்கவிட்டார். முகம் தெரியாது, கால் மட்டும். முதலில் பெடல் எதுவும் போடாத வெறும் கிட்டார் ஒலி, நாலு சுரம். கால் வந்து டிலேயை, வாசித்ததைச் சற்றுத் தள்ளித் திரும்ப ஒலிக்கவிடும் பெடலை, அழுத்துகிறது. அந்த நாலு சுரமும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க ஆரம்பிக்கிறது. அடுத்து பெரிய அறையின் எதிரொலி மாதிரிச் சேர்க்கும் ரீவெர்ப். அடுத்து வாசித்ததையே சுழலவிடும் லூப். 40 வினாடியில் ஒற்றைக் கிட்டார் ஓர் அறையை நிரப்பிவிட்டது. கீழே "முழுப்பாட்டு யூடியூபில், 9 நிமிடம், ஹெட்போனோடு" என்று ஒரே வரி. கமெண்டில் வந்தவர்கள் எல்லோரும் எந்த டிலே, எத்தனை மில்லிசெகண்ட் என்று கேட்பவர்கள். அவர்கள்தான் 9 நிமிடம் உட்கார்ந்து கேட்கிற ஆட்கள்.

உங்கள் ஆட்கள் ரெடிட்டில் கிட்டார் பெடல் குழுக்களிலும், உங்கள் வகை இசையைப் பேசுகிற குழுக்களிலும் இருப்பார்கள். அங்கே போய் முதல் நாளே லிங்க் போடாதீர்கள். பெரும்பாலான குழுக்களில் சொந்த விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, பதிவை எடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் பேசுங்கள், மற்றவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். உங்களைப் பற்றிக் கேட்கும்போது சொன்னால் போதும்.

அப்புறம் பேண்ட்கேம்ப், பேண்டுகள் தங்கள் இசையைக் கேட்பவர்களுக்கு நேராக விற்கும் தளம். 2008-ல் தொடங்கியது. நீண்ட பாட்டும் முழு ஆல்பமும் கேட்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் இன்னும் அங்கே இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் டி-ஷர்ட், கேசட் மாதிரிப் பொருள்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள். 2020 மார்ச்சில் ஆரம்பித்த "பேண்ட்கேம்ப் வெள்ளி" என்று அவர்கள் அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். உங்கள் வெளியீட்டை அப்படி ஒரு நாளில் வையுங்கள். வாங்குபவர் சம்மதித்தால் மின்னஞ்சல் முகவரியும் கைக்கு வரும்.


தூரத்து ரீவெர்ப் எழுதியது:

பெடல் போர்டு யோசனை! எங்கள் கிட்டாரிஸ்டுக்கு இப்போதே அனுப்பிவிட்டேன். நன்றி.


பழைய கேசட் எழுதியது:

மின்னஞ்சல் என்றதும் என் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பழைய பேண்டுக்கு ஒரு தளத்தில் நல்ல கூட்டம் இருந்தது. ஆறு வருடம் சேர்த்த கூட்டம். ஒரு நாள் காலையில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. யாரோ உள்ளே புகுந்து முகவரியை மாற்றிவிட்டார்கள். உதவிப் படிவம் நிரப்பினோம், அடையாள அட்டை அனுப்பினோம், ஒவ்வொரு முறையும் தானியங்கிப் பதில்தான் வந்தது. அடுத்த வாரம் எங்களுக்கு ஒரு ஷோ. எங்களைக் கேட்கும் அத்தனை பேரும் அந்தக் கணக்குக்குள்ளே இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்குக்கூடச் செய்தி அனுப்ப வழியில்லை. அன்றைக்கு மேடையில் இருந்து பார்த்தபோது தெரிந்த முகங்கள் மட்டும்தான் தெரிந்தன.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பேண்ட் என்றால் மைஸ்பேஸ் பக்கம் இருக்க வேண்டும் என்ற நிலை. 2019-ல், சர்வர் மாற்றும்போது 2015-க்கு முன்னால் ஏற்றிய பாட்டுகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று தெரியவந்தது. 5 கோடிப் பாட்டுகள் என்று செய்திகளில் கணக்குச் சொன்னார்கள். வேறு எங்கும் பிரதி வைக்காத பேண்டுகளுக்கு அதோடு சரி. 6 வினாடி வீடியோக்களுக்கான வைன் 2013-ல் வந்தது, 2017 ஜனவரியில் மூடப்பட்டது. டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனில் ஒரே இரவில் தடையானது. 2024 தொடக்கத்தில் யுனிவர்சல் மியூசிக் குழுமமும் டிக்டாக்கும் ஒப்பந்தம் முறிந்து நின்றபோது, மே மாதம் புது ஒப்பந்தம் வரும்வரை உலகப் புகழ்பெற்றவர்களின் பாட்டுகளே அங்கே ஒலியில்லாமல் கிடந்தன. இத்தனைக்கும் பிறகு ஒரே தளத்தை நம்பி இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பெயர், மின்னஞ்சல், அவ்வளவுதான் வேண்டும். நாற்பது பேர் இருந்தாலும் அந்த நாற்பது பேர் உங்கள் கையில் இருக்கிறார்கள்.


ஹைஹாட் எழுதியது:

மின்னஞ்சலை இந்தக் காலத்தில் யார் திறக்கிறார்கள், அண்ணா? என் இன்பாக்ஸில் படிக்காதவை ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. வாட்ஸ்அப் சேனலோ டெலிகிராம் சேனலோ வைத்தால் போதாதா?


பழைய கேசட் எழுதியது:

தம்பி, தாராளமாக வையுங்கள். சேனலில் செய்தி உடனே கண்ணில் படும், ஷோ நாளன்று நினைவூட்ட அதுதான் நல்லது. ஆனால் சேனலும் இன்னொருவர் இடம்தான். வாட்ஸ்அப் சேனலைப் பின்தொடர்பவர்களின் எண்ணைக்கூட நீங்கள் எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாது. மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி எந்தச் சேவைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

திறக்க மாட்டார்கள் என்பது, கடைக்காரர்கள் அனுப்புகிற மின்னஞ்சலுக்குப் பொருந்தும். மாதம் ஒருமுறை, நீங்களே உட்கார்ந்து எழுதிய நாலு பத்தி, "இந்த வரியை எழுதும்போது இப்படி நடந்தது" என்று வந்தால் திறப்பார்கள். பதிலும் போடுவார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஷோவில் நோட்டை வைத்து எழுதச் சொன்னால் இருட்டில் எழுதிய கையெழுத்து மறுநாள் படிக்க முடியாது. எங்களுக்குப் பாதி முகவரி அப்படித்தான் போயிற்று. பட்டியலில் சேர்வதற்கான க்யூஆர் கோடு ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, பேஸ் ட்ரம்மின் முன்பக்கத் தோலில் ஒட்டிவிடுங்கள். ஷோ முழுக்க எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒருமுறை சொல்லுங்கள். கடைசிப் பாட்டுக்கு அப்புறம் என்றால் கலைந்துவிடுவார்கள்.


மிக்ஸிங் மேசை எழுதியது:

தளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குள் இருக்கும் அமைப்புகளைப் பார்க்காமல் விடுபவர்கள் நிறையப் பேர். ஈபி வெளியிடுவதால் சொல்கிறேன், மனதில் வந்த வரிசையில்.

இன்ஸ்டாகிராமில் உங்கள் கணக்கு பிசினஸ் வகையா, கிரியேட்டர் வகையா என்று பாருங்கள். பிசினஸ் கணக்குக்கு இசை நூலகத்தில் பெரும்பாலான பாட்டுகள் வராது. பேண்டுகள் தெரியாமல் பிசினஸ் வகையைத் தேர்ந்துவிட்டு, "எங்கள் பாட்டையே எங்களால் போட முடியவில்லை" என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கிரியேட்டருக்கு மாற்றுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் சேவை) வழியாகப் பாட்டை அனுப்பும்போது ஸ்ட்ரீமிங் கடைகளை மட்டும் டிக் செய்துவிட்டு விடாதீர்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் ஒலி நூலகங்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள். அப்போதுதான் இன்னொருவர் தன் வீடியோவுக்கு உங்கள் பாட்டைத் தேடி எடுத்துப் போட முடியும், அதில் உங்கள் பெயரும் வரும். போனில் எடுத்த வீடியோவை நேராக ஏற்றினால் அது வெறும் "ஒரிஜினல் ஆடியோ" என்று நிற்கும். அந்தப் பெயரை மாற்ற வழி உண்டு, ஆனால் ஒரே ஒருமுறைதான். எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துச் செய்யுங்கள்.

யூடியூபில் டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பும் பாட்டுகள், அட்டைப்படம் மட்டும் நிற்கிற தனி "டாபிக்" சேனலில் போய் விழும். உங்கள் சேனல் ஒரு பக்கம், அது ஒரு பக்கம் என்று இரண்டாகக் கிடக்கும். டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்டு இரண்டையும் ஒன்றாக்கி அதிகாரபூர்வக் கலைஞர் சேனலாக மாற்றுங்கள்.

ஷார்ட்ஸ், அதாவது யூடியூபின் குறும்வீடியோ, போடுபவர்கள் விளக்கத்தில் லிங்க் வைக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் இருந்து ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்டிலும் வைக்கும் லிங்கை அழுத்த முடியாது. அதற்குப் பதிலாக "தொடர்புடைய வீடியோ" என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் உங்கள் முழுப்பாட்டைக் கோர்த்துவிடுங்கள். அப்படிக் கோர்க்காத ஷார்ட்ஸைப் பார்த்தவர் அப்படியே அடுத்த வீடியோவுக்கு நகர்ந்துவிடுவார்.

ஸ்பாட்டிஃபை சமூக ஊடகம் இல்லை, இருந்தாலும் நாள் கணக்கு முக்கியம். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கலைஞர்களுக்கான பக்கத்தில் ஒரு பாட்டைப் பரிந்துரைக்கு அனுப்ப வேண்டும். ஸ்பாட்டிஃபை ஆசிரியர்கள் தொகுக்கும் பிளேலிஸ்டில் இடம் கிடைக்காவிட்டாலும், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு போகும். நான் 7 என்று சொன்னாலும் நீங்கள் 3, 4 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் ஏதாவது இடித்தால் திருத்த நேரம் வேண்டும். இன்னொன்று, 2024-ல் இருந்து 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு அங்கே பணம் கிடையாது. 5 பாட்டையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு விட்டால் மூன்று பாட்டு கவனிக்கப்படாமலே போகும். இரண்டை முன்னால் சிங்கிளாக விடுங்கள்.


நாலாவது தந்தி எழுதியது:

மிக்ஸிங் மேசை, எங்கள் கணக்கு பிசினஸ்தான்! இரண்டு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. இப்போது மாற்றிவிட்டேன்.

ஃபேஸ்புக்கை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் போஸ்ட் போட்டால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்க்கிறார்கள்.


மேடைக்குப் பின்னால் எழுதியது:

பக்கங்களின் பதிவுகள் தானாகப் போய்ச் சேர்வது பல வருடமாகக் குறைந்துகொண்டேதான் வந்தது. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அவர்களே அறிவித்தார்கள். உங்கள் பாட்டில் குறை ஒன்றுமில்லை. பக்கத்தை மூட வேண்டாம். ஷோ வந்தால் ஈவெண்ட் போடுங்கள். வருகிறேன் என்று அழுத்தியவருக்கு நினைவூட்டல் போகும், அவர் நண்பர்களுக்கும் தெரியும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ், த்ரெட்ஸ் இரண்டும் எழுத்தால் ஓடுபவை. உங்களில் யாருக்காவது தினமும் நாலு வரி எழுதுவது பிடிக்குமானால் வையுங்கள். இல்லையென்றால் பெயரை மட்டும் உங்கள் வசம் வைத்துக்கொண்டு, "நாங்கள் இருப்பது இங்கே" என்று ஒரு பதிவை எப்போதும் மேலே நிற்கும்படி வைத்துவிட்டு வெளியே வாருங்கள். டிஸ்கார்டை இப்போதைக்கு மூடிவிடுங்கள். காலியான அறைக்குள் வருபவர் திரும்பிப் போய்விடுவார். கேட்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் அந்த அறை தேவைப்படும்.


ஹைஹாட் எழுதியது:

எனக்கும் இந்த இழையில் கொஞ்சம் புரிகிறது. தினம் ஒன்று என்று சொன்னேன். நான் போடுவது ட்ரம் கவர் வீடியோக்கள், தனி ஆள். பேண்டுக்கு அது ஒத்துவராது போல.

ஆனால் ரீல்ஸ் போடும்போது ஒன்று கவனியுங்கள். இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பகுதியில் எந்த வினாடியில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். என் வீடியோக்கள் எல்லாவற்றிலும் 2-வது வினாடியிலேயே கோடு சரிந்தது. போய்ப் பார்த்தால், நான் கேமராவை ஆன் செய்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து ஹெட்போனைச் சரிசெய்து, அப்புறம்தான் வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். அந்த மூன்று வினாடியை வெட்டி, குச்சி தோலில் படும் இடத்தில் இருந்து ஆரம்பித்தேன். கோடு நிமிர்ந்துவிட்டது. வாசிப்பில் எதையும் மாற்றவில்லை.

லைக்கைவிட, எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதைப் பாருங்கள். உங்கள் ஏழு பேரில் நாலு பேர் அப்படித்தானே வந்திருக்கிறார்கள்.


மழைச் சத்தம் எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஃபாலோயர் வாங்குவது, "பிளேலிஸ்டில் சேர்க்கிறோம், உறுதியாக இவ்வளவு ஸ்ட்ரீம்" என்று வருகிற செய்திகள் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்களுக்கு வாரம் இரண்டு வருகிறது. கூட இருப்பவர்கள் ஒருமுறை முயற்சி செய்யலாம் என்கிறார்கள்.


மிக்ஸிங் மேசை எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். உறுதியான எண்ணிக்கை என்று ஒருவர் சொன்னாலே அங்கே கேட்பது மனிதர்கள் இல்லை. போலி ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பாட்டையே இறக்கிவிடுவார், அபராதமும் உங்கள் தலையில் விழலாம். உண்மையாக வந்த ஸ்ட்ரீமும் அதோடு போய்விடும்.

வாங்கிய ஃபாலோயரால் இன்னொரு கெடுதல் உண்டு. உங்கள் பதிவை முதலில் அவர்களுக்கும் காட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் அசைய மாட்டார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை என்று அது அங்கேயே நின்றுவிடும். வெளியே எடுப்பதும் லேசில்லை.

செலவு செய்ய ஆசை இருந்தால், ஏற்கனவே தானாக நன்றாகப் போன ஒரு வீடியோவுக்கு விளம்பரம் கொடுங்கள். போகாத வீடியோவைப் பணத்தால் தள்ளினால், பணம் நின்ற அன்றைக்கே அதுவும் நின்றுவிடும்.


நாலாவது தந்தி எழுதியது:

நேற்று நாலு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். எழுதிவைக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

யூடியூப்தான் எங்கள் முதன்மை இடம். ஈபியின் 5 பாட்டையும் அதே ரிஹர்சல் அறையில், அதே மாதிரி ஒரே டேக்கில், இந்த முறை ஒலியைத் தனியாகப் பதிவு செய்து போடப்போகிறோம். பேஸ் கேபிளை மாற்றியாகிவிட்டது. இன்ஸ்டாகிராம் எங்கள் பேசிஸ்ட் கையில். அவர் எப்படியும் அதில்தான் இருப்பார். வாரம் இரண்டு ரீல்ஸ், அதற்கு மேல் கிடையாது. அதே வீடியோக்கள் ஷார்ட்ஸுக்கும் போகும், முழுப்பாட்டைக் கோர்த்து. மின்னஞ்சல் பட்டியலை ட்ரம்மர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஃபேஸ்புக் ஈவெண்டுக்கு மட்டும். மற்ற நாலையும் விட்டுவிட்டோம். டிக்டாக்கை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை, ஆனால் எங்களில் யாரும் அதைத் திறப்பதே இல்லை.

வீடியோ எடுப்பது மாதம் ஒரே ஒரு நாள். மற்ற ரிஹர்சல்களில் போன் பைக்குள்.


பழைய கேசட் எழுதியது:

நல்லது. டிக்டாக்கில் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள், வேறு யாராவது எடுத்துவிடுவார்கள். எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள், இன்றைக்கே. கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது.


நாலாவது தந்தி எழுதியது:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். "மேடைக்குப் பின்னால்" எனக்குத் தனிச்செய்தியில் "என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தார், எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஈபி வந்துவிட்டது, ஒரு வாரம் தாமதமாக. டிஸ்ட்ரிபியூட்டர் அட்டைப்படத்தைத் திருப்பி அனுப்பினார். 4 வாரம் முன்னால் கொடுத்திருந்ததால் தப்பித்தோம்.

பெரிதாக எதுவும் வெடிக்கவில்லை. ரீல்ஸ் ஒன்று மட்டும் எங்கள் அளவுக்கு நிறையப் போனது. நாங்கள் எதிர்பார்த்தது இல்லை. இரண்டாவது பாட்டில் குரல் இணைவதற்கு ஒரு இடம் சரியாக வராமல், நானும் பேசிஸ்டும் அந்த ஒரே வரியை ஆறு முறை பாடிப் பார்த்து, ஏழாவது முறை சட்டென்று பொருந்தி, ட்ரம்மர் பின்னால் இருந்து "ஆங்!" என்று கத்துவார். அவ்வளவுதான் வீடியோ. அதில் இருந்து முழுப்பாட்டுக்கு வந்தவர்களை ஸ்டூடியோவில் பார்க்க முடிந்தது. யூடியூப் மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் இறங்கவில்லை. பழைய மெதுவான பாட்டு வீடியோவுக்கு வரிகளைச் சேர்த்ததில் இருந்து தேடி வருபவர்கள் கூடியிருக்கிறார்கள்.

மின்னஞ்சல் பட்டியலில் 86 பேர். ட்ரம்மர் மாதம் ஒருமுறை எழுதுகிறார். இத்தனை வருடம் கூட வாசித்தும் அவருக்கு இப்படி எழுத வரும் என்று எனக்குத் தெரியாது. போன மாதம், மூன்றாவது பாட்டின் தாளத்தைத் தன் அப்பாவின் தையல் மெஷின் சத்தத்தில் இருந்து எடுத்தேன் என்று எழுதியிருந்தார். அதை நாங்களே அந்த மின்னஞ்சலில்தான் படித்தோம். பதினாலு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் தன் வீட்டுத் தையல் மெஷின் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினார்.

அந்த ஒலியை வைத்து ஆறாவது பாட்டு பாதி வந்திருக்கிறது. பேஸ் வரியும் மெஷின் சத்தமும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. அதை மிக்ஸிங் பகுதியில் தனி இழையாகப் போடுகிறேன். மிக்ஸிங் மேசை, அங்கே வந்து கொஞ்சம் பாருங்கள்.